விளக்குக்காரி ஐலா

கார்வர் லேக் என்ற சுரங்க ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிவந்த ஐலா நிஸ்கனனுக்குக் குளிர்காலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குக் கூலி ஒரு காபியும் ஒரு ஹாட் டாக்கும். ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் வடக்குக் கோடியில், கோல் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு மர அடைப்பு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பொத்தான். ரப்பர் வட்டு கோல் கோட்டை முழுசாகத் தாண்டினால் பொத்தானை அழுத்த வேண்டும். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். விரலை எடுத்தால் அணையும். இவ்வளவுதான் வேலை. ஊரில் அவளை விளக்குக்காரி என்றார்கள்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பூலியோ என்ற ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. நல்ல மனிதர். ஆனால் சொந்த ஊர்க்காரன் அடித்த வட்டு வலையின் வெளிப்பக்கத்தை உரசினாலே சந்தோஷத்தில் விளக்கைப் போட்டுவிடுவார். ஒருநாள் எதிரணி ஆட்கள் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் மட்டையால் ஓங்கி அடிக்க, மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான். "யாராச்சும் வந்து உக்காருங்கப்பா, ஆட்டம் நிக்குது" என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினார்கள். கூட்டத்திலிருந்து ஐலா எழுந்து நடந்தாள். நாலு பேர் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் சிறுவயதில் உறைந்த ஏரியின் மேல் அவளுக்கு எதிராக ஆடியவர்கள். அப்போதெல்லாம் கோல் காத்தது அவள்தான். பன்னிரண்டு வயதில் ஊரின் ஆட்டச் சங்கம் பையன்கள் எல்லோரையும் அணியில் சேர்த்துக்கொண்டு அவளை மட்டும் வீட்டுக்குப் போகச் சொன்னது. அவள் போகவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் "உள்ள!" "வெளிய!" என்று கத்தினாள். வாயை மூடு என்று பையன்கள் பனிக்கட்டியை வீசினார்கள். ஆனாலும் தகராறு முற்றினால் கடைசியில் அவள் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் தனக்கென்று சில பழக்கங்களை வைத்துக்கொண்டாள். வட்டை எவன் கொண்டுவருகிறான் என்று பார்ப்பதில்லை. பனிக்கு அடியில் தெரியும் சிவப்புக் கோட்டைத்தான் பார்ப்பாள். வட்டு அங்கே தானாக வரும். வலது கட்டைவிரலுக்குக் கையுறை கிடையாது. கைதட்டுவதும் கிடையாது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு அது பெரிய எரிச்சல்.

"ஏய் ஐலா, நம்ம பையன் கோல் போட்டிருக்கான். ஒரு சிரிப்பாவது சிரியேன்."

"சிரிச்சா கண்ணு சுருங்கும்" என்பாள்.

சிரிக்க இன்னொரு தடையும் இருந்தது. கார்வர் லேக் ஹேமர்ஸ் அணியின் கோல் கீப்பர் அவள் தம்பி ரெய்னோ. குளிர்காலத்தில் அணி கொடுக்கும் சம்பளத்திலும் கோடையில் நிக்கல் சுரங்கக் கூலியிலும் பதினைந்து வருடம் ஓட்டியவன். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். ஆட்டத்தின் பாதி நேரம் அவன் முதுகு அவளிடமிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும், நடுவில் கண்ணாடி.

எண்பத்தாறாம் வருடம் ஹேமர்ஸ் வடக்கு லீக்கின் இறுதித் தொடருக்கு வந்தது. டன்பார் கோப்பை. ஏழு ஆட்டம், முதலில் நாலு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. எதிரி போர்ட் எலியட், துறைமுகத்துக்காரர்கள், கோப்பை எப்போதும் தங்கள் பெட்டிக்குள்தான் என்பது போல நடப்பவர்கள். கார்வர் லேக் அதைத் தொட்டதே இல்லை. தொடர் தொடங்கிய நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் யாரும் முகச்சவரம் செய்யவில்லை. கோப்பையைத் தூக்கும்வரை, அல்லது தோற்று வெளியேறும்வரை, கத்தி முகத்தில் படக் கூடாது. ஊரில் பாதி ஆண்களும் தாடியோடு திரிந்தார்கள். ரெய்னோவின் தாடி செம்பட்டையாக நெஞ்சுவரை இறங்கியிருந்தது.

முதல் ஆட்டத்தன்றே போர்ட் எலியட் பயிற்சியாளர் கண்ணாடிப் பக்கம் விரலை நீட்டிக் கத்தினார்.

"கோல் கீப்பரோட அக்காவா அங்க உக்காந்திருக்கு? அப்ப நாங்க எத்தனை கோல் போட்டாலும் லைட்டு எரியாதே!"

விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அணியின் ஆட்கள் கூடாது என்று இருந்தது. அக்காக்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ஐலா கண்ணாடியில் பேசுவதற்காக விட்டிருந்த ஓட்டையருகே வாயை வைத்து, "மொதல்ல கோலப் போடுங்க சார். லைட்டப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றாள். அன்று அவர்கள் கோல் போட்டார்கள். விளக்கு எரிந்தது. அதன்பிறகு பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை.

ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம் கார்வர் லேக்கில், ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏரியோரப் பனி கருத்து இளகிக்கொண்டிருந்தது. காலையில் ரெய்னோ மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கினான். முழங்கால்கள் இரண்டும் போய்விட்டிருந்தன. இதுதான் கடைசி வருடம் என்று மருத்துவர் சொன்னதை அவன் சொல்லவில்லை; அவளுக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த பனியன இன்னுமா தொவைக்கல?" என்றாள்.

"ஜெயிக்கறப்ப தொவைப்பாங்களா யாராவது?"

"போன ஆட்டம் தோத்தீங்களே."

"அது வேற பனியன், அக்கா." முட்டையை வாயில் திணித்துக்கொண்டே சொன்னான். "இன்னைக்கு நீ கண்ண மூடிக்கிட்டு உக்காரு. எம்பக்கம் ஒண்ணும் வராது."

"வந்தா?"

அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. "வராதுங்கறேன்ல."

ஆட்டத்துக்கு முன்னால் அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் மல்வஹில் தானே காபியைக் கொண்டுவந்தார். ஊரின் பெரிய இரும்புக்கடை அவருடையது. இத்தனை வருடத்தில் காபியை அவர் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. அடைப்பின் கதவில் சாய்ந்து நின்றார்.

"குளுரு ஜாஸ்தியா இருக்கு இல்ல, ஐலா? கட்டைவிரல் மரத்துப்போறதெல்லாம் சகஜந்தான். கொஞ்சம் லேட்டா அழுந்தினா யாரும் தப்பாச் சொல்லமாட்டாங்க. நடுவருக்கே சில சமயம் தெரியாது. தெரியாதது தெரியாததாவே போகட்டும்."

ஐலா காபியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ரெய்னோவுக்கு இதான் கடைசி. உனக்கே தெரியும். அவன் கையில கோப்பை இருக்கணுமா வேண்டாமா? ஊருக்கே சொல்றேன்னு வெச்சுக்கோ."

அவள் காபியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "மரத்துப்போச்சுன்னா எழுந்து போயிடுவேன், மல்வஹில். மரத்துப்போகாத வரைக்கும் இந்த விரலு ஊருக்கும் இல்ல, உங்க கடைக்கும் இல்ல. கதவச் சாத்திட்டுப் போங்க, காத்து வருது."

ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று நின்றது. கூடுதல் நேரம். இனி யார் முதலில் கோல் போட்டாலும் அந்த நொடியே தொடர் முடிந்தது. அணிகள் பக்கம் மாறியபோது ரெய்னோ வடக்குக் கோடிக்கு வந்தான். வழக்கம்போல வலைக் கம்பங்களை மட்டையால் இரண்டு தட்டுத் தட்டினான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதும் இல்லை.

நடந்தது கண் இமைக்கும் நேரம். மூலையில் ஐந்தாறு பேர் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். நடுவர் டெரோஷே அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குவியலிலிருந்து வட்டு தெறித்து ஒரு துறைமுகத்துக்காரனின் மட்டைக்கு வந்தது. அவன் யோசிக்காமல் அடித்தான். ரெய்னோவின் தோளுக்கு மேலாக, குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைந்து, வலைக்குள் அடியில் கிடக்கும் இரும்பில் 'டிங்' என்று பட்டு, வந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது.

ஐலாவின் கட்டைவிரல் ஏற்கெனவே கீழே இருந்தது.

விளக்கு எரிந்தது. அடித்தவன் கையைத் தூக்கினான், அவன் கூட்டாளிகளும் தூக்கினார்கள். ஆனால் ஊதல் சத்தம் வரவில்லை. டெரோஷே எதையும் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த வட்டை ஹேமர்ஸ் ஆள் ஒருவன் மட்டையில் வாங்கினான், வாங்கியவன் சறுக்கிக்கொண்டு பறந்தான். கையைத் தூக்கியவர்கள் இறக்குவதற்குள் அவன் பாதித் தளத்தைத் தாண்டிவிட்டான். தெற்குக் கோடியில் வட்டு வலைக்குள் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவரும் விளக்கைப் போட்டார்.

அரங்கம் இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். தொப்பிகள் பறந்தன, மட்டைகள் பறந்தன, கையுறைகள் பனியெல்லாம் சிதறின. வேலியைத் தாண்டி ஹேமர்ஸ் முழுவதும் குதித்தது. ரெய்னோ முழங்காலை மறந்து தளத்தின் நடுவுக்குப் போனான். அணியின் உதவியாள் பக்கி, வாரக்கணக்காகத் தன் பையில் வைத்துக் காத்திருந்த சவரக் கத்தியையும் சோப்பு நுரையையும் எடுத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடிவந்தான். முதல் தாடி கோல் கீப்பருடையது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. இரண்டு பேர் ரெய்னோவின் தலையைப் பிடித்துக்கொள்ள, பக்கி சரக் சரக்கென்று இழுத்தான்.

வடக்குக் கோடியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் கவனித்தது அடைப்புக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான். "ஐலா, பொத்தான் மாட்டிக்கிச்சா?" என்றான் ஒருவன்.

"மாட்டல."

"அப்பறம் விரல எடேன்."

"எடுக்கமாட்டேன்."

"எடுடீ!" பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். காபிக் குவளை ஒன்று கண்ணாடியில் வந்து உடைந்தது. அடைப்பின் கதவை யாரோ உதைத்தார்கள். ஐலா இடது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துக் கதவுத் தாழைப் பிடித்துக்கொண்டாள். வலது கட்டைவிரலின் நகம் வெளுத்துப்போயிருந்தது.

போர்ட் எலியட் ஆட்கள் டெரோஷேயைச் சூழ்ந்துகொண்டு அந்தச் சிவப்பையே காட்டினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பிகளையும் மட்டைகளையும் விலக்கிக்கொண்டு, தளம் முழுவதையும் கடந்து அவளிடம் வந்தார். வர வர அரங்கத்தின் சத்தம் குறைந்தது. அவர் ஓட்டையருகே குனிந்தார்.

"எப்ப போட்ட இத?"

"அந்தப் பக்கத்து கோலுக்கு முன்னாடி. வட்டு இந்தப் பக்கம் இருந்தப்பவே."

"முழுசா உள்ள போச்சா?"

"முழுசா. பின்னாடி இரும்புல பட்டுத் திரும்பிச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த கோல் கீப்பர் உனக்கு யாருன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் ஐலா. "கோல்."

டெரோஷே நிமிர்ந்தார். வடக்கு வலையைக் கையால் சுட்டிக்காட்டினார். கோப்பை போர்ட் எலியட்டுக்கு.

அதன்பிறகுதான் அவள் விரலை எடுத்தாள்.

தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தே தீர வேண்டும். பல்லை உடைத்தவனுக்கும் கைகொடுக்க வேண்டும். ரெய்னோவும் வரிசையில் நின்றான். முகத்தின் இடது பாதி மழமழவென்று சிவந்திருந்தது. வலது பாதியில் செம்பட்டைத் தாடி நுரையோடு தொங்கியது. துறைமுகத்துக்காரர்களில் ஒருவனும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் அழாதவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே மல்வஹில் லீக்குக்கு மனுக் கொடுத்தார். விளக்குப் போட்டவர் கோல் கீப்பரின் அக்கா, பதற்றத்தில் இருந்தார், எதையும் சரியாகப் பார்த்திருக்க முடியாது. கூடுதல் நேரத்தைத் திரும்ப ஆட வேண்டும். மனு ஜெயிக்க ஒன்றே ஒன்று போதும். வியாழக்கிழமை விசாரணையில் ஐலா "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும்.

"பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம்மா" என்றார் மல்வஹில், பேருந்துக் கொட்டகைக்கே வந்து. "நிச்சயமில்லன்னு சொல்லு, போதும். யாருக்குத்தான் எதுதான் நிச்சயம்?"

"எனக்கு இது நிச்சயம்" என்று சொல்லி அவள் பேருந்தைக் கிளப்பினாள்.

அந்த வாரம் ஊர் அவளை ஒரு வழி பண்ணியது. காபிக் கடையில் வெறும் குவளையை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் எழுந்து தானே ஊற்றிக்கொண்டாள். குழந்தைகளை ஏற்றுவதற்குப் பேருந்தை நிறுத்தினால் அதன் சிவப்பு விளக்குகள் மின்னும், அணையும்வரை எந்த வண்டியும் நகரக் கூடாது. சுரங்கத்துக்குப் போகிற டிரக்குகள் பின்னால் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தன. ஒருவன் தலையை வெளியே நீட்டி, "இது நெசமாவே எரியுதா, இல்ல உனக்கு மட்டும் தெரியுதா?" என்றான். ஐலா கடைசிக் குழந்தை உட்கார்ந்து பையை மடியில் வைக்கும்வரை விளக்கை அணைக்கவில்லை.

வீட்டில் ரெய்னோ மூன்று நாள் பேசவில்லை. பாதித் தாடியோடு இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போனான். புதன்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மீதிய ஏன்டா வெச்சிருக்க?"

"தொடர் இன்னும் முடியலயே. மனு இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் செரைக்கக் கூடாது."

"செரைச்ச பாதி?"

"அது பக்கி பண்ண தப்பு. நடுவர் கைய காட்டறதுக்கு முன்னாடி எவனாவது கத்திய வெப்பானா? அப்பவே எல்லாம் போச்சு." கோபமாகத்தான் சொன்னான். உண்மையிலேயே நம்பினான் என்றுதான் தோன்றியது. ஊரில் நிறையப் பேர் அப்படிச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பக்கி வெளியே தலைகாட்டுவதில்லை.

"நாளைக்கு உன்னையும் கூப்புட்டிருக்காங்களா?"

"ம்."

"என்ன சொல்லப் போற?"

"நீ என்ன சொல்லப் போற?" என்றான் அவன்.

விசாரணை அரங்கத்தின் மாடி அறையில் நடந்தது. லீக்கிலிருந்து நடுவர்களுக்குத் தலைவரான ஹட்சின்ஸ் என்ற கிழவர் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். நாற்காலியில் உட்காரும்போதே முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"மிஸ் நிஸ்கனன், பதற்றமா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

மல்வஹில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வட்டு கோட்டத் தாண்டினது நிச்சயமா?"

"பதற்றமா இருந்தேன், நிச்சயமாவும் இருந்தேன். ரெண்டும் சேந்து வரும் சார். கோல்."

கிழவர் ரெய்னோ பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எதையோ கேட்க வந்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். "நீங்க?"

ரெய்னோ தொப்பியைக் கையில் சுருட்டினான். மல்வஹில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முதுகுல கண்ணு இல்ல சார். அதுக்குத்தான அங்க ஒரு ஆள உக்கார வெச்சிருக்கீங்க. அவங்கள மறுபடி கேளுங்க."

"அவங்க சொல்லிட்டாங்க."

"அப்ப எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

மனு தள்ளுபடியானது. மல்வஹில் எழுந்து, "அடுத்த வருஷம் அந்த நாற்காலியில வேற ஆளு" என்றார். ஐலா, "நாற்காலி லீக்கோடது. கடையில ஆணி விக்கற மாதிரி இத விக்க முடியாது" என்றாள். ஹட்சின்ஸ் முதுகைப் பிடித்துக்கொண்டே, ஆளை நியமிப்பது தன் வேலைதான் என்றும், இன்னொரு தடவை இவ்வளவு தூரம் கார் ஓட்டத் தனக்குத் தெம்பில்லை என்றும் சொன்னார்.

படியில் ரெய்னோ கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினான். பாதியில் நின்றான்.

"ஒரு நொடி தயங்கியிருக்கலாம் நீ."

"தயங்கியிருந்தா?"

"எனக்கு கோப்பை."

"நெசமாவா சொல்ற?"

அவன் கைப்பிடிக் கம்பியை விரலால் தட்டினான். "இரும்புல பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல! ஊரே என்னைக் கிழிக்குது."

"கோல் கீப்பர் எப்பவாவது சொல்வானா? பதினஞ்சு வருஷமா ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல. சொல்றது உன் வேலை." அடுத்த படியில் காலை வைத்தான். "கோவம் இன்னும் போகல. சும்மா சொல்லி வெக்கறேன்."

"போகவே வேண்டாம். படியப் பாத்து எறங்கு."

அக்டோபரில் புதிய பருவம் தொடங்கியது. அரங்கத்துக்குப் பின்வாசல் உண்டு. அதன் வழியாக வந்தால் யார் கண்ணிலும் படாமல் நேராக வடக்கு அடைப்புக்குப் போய்விடலாம். காவலாள் அவளுக்காக அதைத் திறந்தும் வைத்திருந்தான். ஐலா முன்வாசலில் வந்தாள். கடையில் தன் ஹாட் டாக்கை வாங்கினாள், வெங்காயம் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னாள். பிறகு தெற்குக் கோடியில் தொடங்கி, முன்வரிசைக்கும் தடுப்புக்கும் நடுவிலிருந்த பாதையில் அரங்கத்தைப் பாதி சுற்றி நடந்தாள். அவளைப் பார்த்ததும் ஒரு மூலையில் கேலி ஊளை கிளம்பியது. அது வரிசை வரிசையாகப் பரவி அரங்கம் முழுக்க நிறைந்தது. மல்வஹிலின் இருக்கைக்கு முன்னால் வந்தபோது அவள் நின்று, ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு நடந்தாள்.

மேல்வரிசையில் ரெய்னோ உட்கார்ந்திருந்தான். டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க அவன் வந்தது அதுதான் முதல் முறை. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவன் வரிசைக்கு நேர் கீழே வந்தபோது எழுந்து, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக ஊளையிட்டான்.

ஐலா அண்ணாந்து பார்த்தாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று வாயில் இருந்ததோடு கத்தினாள்: "இன்னும் சத்தமா!"

பிறகு அடைப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.